இரவல் தோள்

ஓசூரில் கௌதம் செத்ததற்குக் கணக்கே இல்லை. ராயக்கோட்டை சாலை முக்கில் செத்திருக்கிறான். பாகலூர் சாலைத் திருப்பத்தில் செத்திருக்கிறான். சிப்காட் வாசலில் தொழிற்சங்கத்துக்காரர்கள் அவனுக்கு மாலை போட்டு, ஊதுபத்தி கொளுத்தி, வேலைக்கு நேரமாகிவிட்டதே என்று அழுதுகொண்டே உள்ளே போயிருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் முகம் வேறு யாருடையதோ. தோள் மட்டும் அவனுடையது.

நம் ஊர்களில் ஒருவர் இறந்தால் பிணம் வீட்டை விட்டுக் கிளம்புவதற்குள் தெருமுனையில் பேனர் நின்றாக வேண்டும். இப்போதைக்கு அதுதான் மரியாதை. பேனருக்குப் படம் வேண்டும். அழுகிற வீட்டில் அலமாரியைக் குடைந்தால் கிடைப்பது ஆதார் அட்டை, கம்பெனி அடையாள அட்டை, யாரோ ஒருவர் கல்யாணத்தில் பந்திக்குப் பின்னால் எட்டிப் பார்க்கும் பாதித் தலை. கழுத்துக்கு மேலே எப்படியாவது தேறிவிடும். கழுத்துக்குக் கீழே ஃபிளெக்ஸ் கடைக்காரன் பார்த்துக்கொள்வான். தலையில்லாத உடம்புகள் சிலவற்றை அவன் கணினியில் தயாராக வைத்திருப்பான். கோட்டு போட்ட உடம்பு ஒன்று, வெள்ளைச் சட்டை உடம்பு ஒன்று, பட்டுப்புடவை உடம்பு ஒன்று. ஆயுள் முழுக்கக் கோட்டைக் கையால் தொட்டிராத மனிதர், செத்த அன்று கோட்டு மாட்டிக்கொண்டு முச்சந்தியில் நிற்பார். அதைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. சாவு வீட்டில் சிரிக்க நமக்கு அவ்வளவு துணிச்சல் கிடையாது.

கௌதம் விமல்ராஜின் ஃபிளெக்ஸ் கடையில் வேலை பார்த்த காலத்தில், அங்கே இருந்த வெள்ளைச் சட்டை உடம்பு எங்கிருந்தோ இறக்கிய ஒரு வடநாட்டு மாடலுடையது. புஜம் புடைத்திருக்கும். "எங்கப்பா என்ன பயில்வானா?" என்று வருகிறவர்கள் எல்லாம் சண்டை போட்டார்கள். விமல்ராஜ் சுற்றுமுற்றும் பார்த்தார். ஒல்லியும் இல்லாமல் குண்டும் இல்லாமல், யார் வீட்டு அப்பாவுக்கும் பொருந்துகிற மாதிரி, வெள்ளைச் சட்டையோடு கௌதம் உட்கார்ந்திருந்தான். சுவரோரம் நிற்க வைத்து ஒரு படம் எடுத்தார். தலையை வெட்டினார். கோப்புக்கு 'வெள்ளை ஒன்று' என்று பெயர் வைத்தார். அன்று கௌதமுக்குச் சிரிப்புத்தான் வந்தது. கல்யாணமாகிச் சில மாதங்களே ஆகியிருந்தன. எல்லாவற்றுக்கும் சிரிக்கிற காலம் அது.

அந்தக் கோப்பு பென் டிரைவில் ஏறிக் கடை கடையாகப் போனது. கிருஷ்ணகிரிக்குப் போனது, மத்தூருக்குப் போனது, தர்மபுரிக்கும் போயிருக்கும். ஊரே அவன் உடம்பில் செத்தது.

அடுத்த வருஷம் அவன் மனைவி பிரியாவுக்கு ஏழாம் மாதத்தில் குழந்தை வயிற்றிலேயே அடங்கிவிட்டது. பெண் குழந்தை. ஆஸ்பத்திரியில் பச்சைத் துணியில் சுற்றி வெளியே கொண்டுவந்தார்கள். பெற்றவள் பார்த்தால் மனசில் ஒட்டிக்கொள்ளும், அடுத்தது தங்காது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். மயக்கம் தெளிந்து பிரியா கேட்டபோது எல்லாம் முடிந்திருந்தது. துணி மூட்டையை இரண்டு கையிலும் ஏந்திப் புதைகாட்டுக்குக் கொண்டுபோனவன் கௌதம். குழியில் வைப்பதற்கு முன்னால் துணியை விலக்கிப் பார்த்தவனும் அவன்தான். அதைப் பற்றி அவனிடம் யாரும் கேட்கவில்லை. அவனும் யாரிடமும் சொல்லவில்லை.

அப்புறம் ஒரு ஆடி மாதம். பிரியாவை வண்டியில் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு பாகலூர் சாலையில் வந்துகொண்டிருந்தான். அந்த முக்கில் ஒரு பேனரின் மேல்பாதியைக் காற்று கிழித்துக்கொண்டு போயிருந்தது. முகம் இல்லை. கண்ணீர் அஞ்சலியில் பாதி எழுத்து இல்லை. நெஞ்சில் காய்ந்த மாலையோடு வெள்ளைச் சட்டை மட்டும் நின்றுகொண்டிருந்தது.

"வண்டிய நிறுத்துங்க" என்றாள் பிரியா.

இறங்கிப் போய்ப் பேனருக்கு நேர் எதிரே நின்றாள். சட்டையில் மேலிருந்து மூன்றாவது பொத்தான் சந்தன நிறம். நீல நூலில் தைத்தது. கல்யாணமான புதிதில் வீட்டில் வெள்ளைப் பொத்தானும் இல்லை, வெள்ளை நூலும் இல்லை என்று அவளே தைத்த பொத்தான். எட்டடிப் பேனரில் அது சாப்பாட்டுத் தட்டு அளவுக்குத் தெரிந்தது.

அவள் ஊரைக் கூட்டி அழவில்லை. வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்தி, மெதுவாகத்தான் கேட்டாள். "செத்தவங்களுக்கெல்லாம் உங்க ஒடம்ப எடுத்துக் குடுத்துட்டீங்க. நம்ம புள்ளைக்கு என்ன வெச்சீங்க?"

இதற்கு அறிவியல்படி பதில் சொல்லலாம். சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. கௌதம் அவள் தலையில் கை வைத்துச் சத்தியம் பண்ணினான். இனிமேல் செத்தவர் முகத்துக்குக் கீழே தன் உடம்பு வராது. அந்த வாரமே விமல்ராஜிடம் சொல்லிக்கொண்டு வெளியே வந்தான். கோப்பை அழிக்கச் சொன்னான். "என் கடையில அழிச்சிடறேன்டா. தர்மபுரிக்காரன் கடையில எப்படி அழிப்பேன்?" என்றார் அவர். நியாயமான கேள்விதான். அன்றிலிருந்து கௌதம் படத்துக்கே நிற்பதில்லை. மச்சினி கல்யாணத்தில்கூடச் சமையல்கட்டுப் பக்கம் போய்விட்டான். தன்னைப் படத்தில் பார்த்தால் கழுத்தருகே வெட்டுக்கோடு தெரிகிற மாதிரி இருந்தது அவனுக்கு.

அதற்குப் பிறகுதான் புத்தக அட்டைக்கு வந்தான். வாடகை வீட்டின் முன் அறையில் ஒரு கணினி, ஒரு மேசை, வருகிறவர்களுக்கு இரண்டு நாற்காலி. ஓசூரில் புத்தகம் எழுதுகிறவர்கள் இவ்வளவு பேர் இருக்கிறார்கள் என்று அவன் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை. கம்பெனியில் ஓய்வு பெறுகிற ஒவ்வொரு சூப்பர்வைசருக்குள்ளும் ஒரு புத்தகம் இருக்கிறது. தரக்கட்டுப்பாடு பற்றி, மூச்சுப்பயிற்சி பற்றி, ரோஜாச் செடிக்கு உரம் வைப்பது பற்றி, வெற்றி பெறுவது பற்றி. வெற்றி பற்றி எழுதுகிறவர் தவறாமல் அட்டையில் சிங்கம் கேட்பார். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர், வாங்கிய பொன்னாடை அத்தனையும் முன்னட்டையிலேயே தெரிய வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். எல்லோருக்கும் அட்டை நடுவில் தங்கள் முகம் வேண்டும்.

கௌதம் பொறுமையாகச் சொல்லிப் பார்ப்பான். கதைப் புத்தகம் என்றால் அட்டை ஆசை காட்டினால் போதும் சார். இது விவரப் புத்தகம். எனக்கு இதில் என்ன கிடைக்கும் என்று வாங்குகிறவன் ஒரு பார்வையில் கண்டுபிடிக்க வேண்டும். தலைப்பு மூன்று சொல்லுக்கு மேல் வேண்டாம். மிச்சத்தை அடியில் சின்னதாக, தெளிவாகச் சொல்லிவிடலாம். படம் ஒன்றே ஒன்று. அப்புறம் அட்டையைக் கைப்பேசியில் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்கிக் காட்டுவான். "இப்ப படிங்க சார் பாப்போம்." தங்க நிற நிழலும் பூவேலையும் போட்ட எழுத்தெல்லாம் அந்த அளவில் அப்பிய மை மாதிரி இருக்கும். பாதிப் பேர் ஒத்துக்கொள்வார்கள். மீதிப் பேர் சிங்கத்தோடு போவார்கள். ஆனால் எல்லோரும் உயிரோடு இருந்தார்கள். அந்தத் தொழிலில் அவனுக்குப் பிடித்தது அதுதான்.

பிரியாவுக்கு மறுபடி ஐந்தாம் மாதம் நடந்துகொண்டிருந்தபோது ராஜாத்தி வந்தாள்.

கூட மகள் லாவண்யா. அவள் ஓசூரில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் லைனில் நிற்கிற பெண், கழுத்தில் இன்னும் கம்பெனிப் பட்டை தொங்கியது. ராஜாத்திக்குச் சானமாவுக் காட்டை ஒட்டிய ஊர், அங்கே கொஞ்சம் நிலம், ராகிக்கொல்லை, இருக்கிறது. புத்தகம் எழுதியவர் ராஜாத்தியின் வீட்டுக்காரர் கோவிந்தப்பன். வருஷா வருஷம் ராகி முற்றுகிற நேரத்தில் கர்நாடகக் காட்டிலிருந்து யானைக் கூட்டம் சானமாவுக்கு வந்து தங்கும். அது எந்தப் பக்கம் இறங்கும், எதைத் தின்னும், எதை மிதிக்கும், எந்தச் சத்தத்துக்கு விலகும், எந்தச் சத்தத்துக்கு முறைக்கும் என்று மனிதர் ஒவ்வொரு பருவமும் பார்த்துப் பார்த்து எழுதியிருந்தார். லாவண்யா அதையெல்லாம் ஷிப்டுக்குப் போகிற கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்து கைப்பேசியில் தட்டச்சு செய்திருந்தாள். கௌதம் சில பக்கங்கள் படித்தான். நல்ல எழுத்து. கர்நாடகத்திலிருந்து வருகிற யானைக்குத் தமிழில் சொன்னால் உறைக்காது என்று பக்கத்துக் கொல்லைக்காரர் "ஹோகு சாமி, ஹோகு" என்று, போய்விடு சாமி என்று, கன்னடத்தில் கும்பிட்டதையும், யானை அதையும் சட்டை செய்யாமல் நிதானமாகத் தின்றுவிட்டுப் போனதையும் ஒரு இடத்தில் எழுதியிருந்தார். கௌதம் வாய்விட்டுச் சிரித்தான்.

"ஐயா வரலீங்களா?" என்று கேட்டான்.

"அவுரு இல்லீங்க தம்பி" என்றாள் ராஜாத்தி. "போன வருசம் யானை சாமி தள்ளிட்டுது. வருச தெவசத்துக்குப் புஸ்தகமா கையில வரணும்."

கௌதம் திரும்பி உள் அறைக் கதவைப் பார்த்தான். அது ஒருக்களித்திருந்தது. உள்ளே பிரியா மத்தியானத் தூக்கத்தில் இருந்தாள். அன்று சாயங்காலம் அவள், யார் வந்துட்டுப் போனாங்க என்று கேட்டதற்கு, ஒரு விவசாயி எழுதின புத்தகம் என்று மட்டும் சொன்னான். பொய் ஒன்றும் இல்லை.

கோவிந்தப்பன் தன் புத்தகத்துக்கு வைத்திருந்த தலைப்பு, 'சானமாவுக் காட்டிலிருந்து வரும் யானைகள் பற்றி ஒரு விவசாயி பல வருடம் கவனித்து எழுதிய விவரங்கள்'. மனிதர் எதையும் மறைக்கிற ஆள் இல்லை. லாவண்யா முன்னட்டையில் பெரிய கொம்பன் படம் போடலாம் என்றாள். "யானைய போட வேணா" என்றாள் ராஜாத்தி, அவ்வளவுதான். பின்னட்டைக்கு அவள் கொடுத்தது ஒரு அடையாள அட்டைப் படம். "இத்த மொகமா மட்டும் போட்டுடாதீங்க தம்பி. தோளு, மாரு எல்லாம் இருக்கணும்."

"வேற படம் இல்லீங்களாம்மா?"

"நின்னாத்தான படம் எடுக்க. எப்பவும் கொல்லையிலதான் கெடப்பாரு."

பார்க்கலாம் என்று கௌதம் தலையை மட்டும் ஆட்டினான்.

முன்னட்டைக்காக ஒரு காலையில் சானமாவுப் பக்கம் போனான். ராஜாத்தி கொல்லை வரப்பில் நின்று கையைக் காட்டினாள். வேலியில் இரண்டு கல்லுக்கால்கள் எதிரெதிராகச் சாய்ந்து கிடந்தன. நடுவே இருந்த கம்பி இல்லை. அந்த இடைவெளியிலிருந்து ராகிக்குள் ஒரு வழி போனது. இரண்டு பக்கமும் கதிர் இடுப்பு மட்டத்துக்கு நேராக நிற்க, நடுவில் மட்டும் மண்ணோடு படிந்திருந்தது. சேற்றில் பதிந்த கால்தடத்தில் தண்ணீர் தேங்கி வானம் தெரிந்தது. வழியின் முடிவில் காடு. ஒரு பறவைச் சத்தம்கூட இல்லை. கௌதம் படம் எடுக்கக் குனிந்தபோது முதுகில் யாரோ பார்க்கிற மாதிரி இருந்தது. திரும்பினால் ஒன்றுமில்லை. பயமாக இருந்தது, உண்மையிலேயே பயம். ஐந்து நிமிஷத்தில் வண்டியை எடுத்துவிட்டான்.

அந்தப் படத்தையே அட்டையாக்கினான். மேலே வெளிர் வானம், அதில் கனமான கறுப்பு எழுத்தில் 'யானை போன பிறகு'. அடியில் சின்னதாக, 'ஒரு ராகி விவசாயி கவனித்த விவரங்கள்'. நடுவில் சாய்ந்த கல்லுக்கால்களும் அந்த வழியும். நகம் அளவுக்குச் சுருக்கிப் பார்த்தான். தலைப்பு தெரிந்தது, வழி தெரிந்தது. படத்தில் இல்லாத யானையும் தெரிந்தது. அவன் செய்ததிலேயே நல்ல அட்டை அதுதான் என்று அவனுக்கே தெரிந்தது.

பின்னட்டையில்தான் மாட்டிக்கொண்டான். கோவிந்தப்பனின் முகத்தை ஒரு சின்னக் கட்டத்துக்குள் வைத்தான். காலர் தொடங்குகிற இடத்தில் கட்டம் முடிந்தது. சத்தியத்துக்கும் குறையில்லை என்று நினைத்துக்கொண்டான்.

மறுபடி வந்தபோது ராஜாத்தி கையில் ஒரு மஞ்சள் பை இருந்தது. மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முன்னட்டையைத் திரையில் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு எழுந்து போய் அந்த இடைவெளியின் மேல் விரலை வைத்தாள்.

"இங்கதான் போனாரு" என்றாள். "நல்லாருக்குது தம்பி. பின்னாடி காட்டுங்க."

காட்டினான்.

"கழுத்தோட நிறுத்திட்டீங்களே."

"அம்மா, இப்பல்லாம் பின்னட்டையில முகம் மட்டும்தான் வைக்கிறது. பளிச்சுன்னு தெரியும்."

லாவண்யாதான் சங்கடமாகச் சொன்னாள். "அண்ணா, போன வருசம் பேனருக்கு ஒரு ஒடம்பு வெச்சிருந்தாங்க. அந்த மாதிரி எதுனா வெக்க முடியாதா?" கைப்பேசியை எடுத்து நீட்டினாள்.

ஊர் நுழைவில் கட்டிய பேனர். கோவிந்தப்பனின் முகம், அதே அடையாள அட்டை முகம். கீழே வெள்ளைச் சட்டை. மேலிருந்து மூன்றாவது பொத்தான் சந்தன நிறம்.

இந்த மனிதருக்கும் தோள் கொடுத்தாகிவிட்டது, தனக்குத் தெரியாமலே.

"அந்தப் பேனரு வெய்யில்ல வெளுத்துப் போறமுட்டும் தெனம் போய்ப் பாத்தன்" என்றாள் ராஜாத்தி. "ஆனா அது அவுரு ஒடம்பு இல்ல. ரெண்டு தோளும் ஒரே மட்டமா இருக்குது. அவுருக்கு வலது தோளு எறங்கித்தான் இருக்கும். மருந்தடிக்கிற டேங்கை ஒரே பக்கமா மாட்டி மாட்டி அப்பிடி ஆயிட்டுது. யாரோ தெரியாத ஆம்பள ஒடம்பு. அதுக்கு மால போட்டு நான் அழுதிருக்கறன்."

"அது என் ஒடம்புதாம்மா" என்றான் கௌதம். சொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை. வாயில் வந்துவிட்டது.

லாவண்யா நிமிர்ந்து பார்த்தாள். ராஜாத்தி அவன் முகத்தைப் பார்க்கவில்லை, தோளைத்தான் பார்த்தாள். கடையில் துணி பார்க்கிறவள் போல நிதானமாக, இந்தக் கையிலிருந்து அந்தக் கை வரைக்கும்.

"எதுக்குக் கேக்கறன்னா" என்று ஆரம்பித்தாள். குரல் நடுங்கவில்லை, ஆனால் ஒவ்வொரு சொல்லாக வந்தது. "மொகத்துக்கு ஒண்ணும் ஆவல தம்பி. தூங்கற மாதிரிதான் இருந்துச்சு. ஆஸ்பத்திரியில அறுத்து, வெள்ளத் துணியில சுத்தி, மொகத்த மட்டும் தொறந்து காட்னாங்க. கழுத்துக்குக் கீழ பிரிக்கக்கூடாதுன்னுட்டாங்க. பிரிச்சா ஒண்ணும் இருக்காது, பாக்காதன்னு எங்கண்ணன் கையப் புடிச்சுக்கிச்சு. ஒரு சொம்புத் தண்ணி ஊத்தல. மஞ்சள் பூசல. அப்படியே தூக்கிட்டாங்க. கண்ண மூடுனா அவுரு மொகம் வருது. மொகம் மட்டும் வருது. கீழ துணிதான். ஒரு வருசமா அப்பிடித்தான் வருது. ஒரேயொரு தடவ முழுசாப் பாக்கணும்."

மஞ்சள் பையிலிருந்து ஒரு சட்டையை எடுத்தாள். கட்டம் போட்ட பழுப்புச் சட்டை. துவைத்து மடித்திருந்தது. வலது தோளில் பட்டை உரசி உரசி நூல் தேய்ந்திருந்தது.

"இத்த அந்த ஒடம்புக்குப் போட முடியுமான்னு கேக்கத்தான் எடுத்தாந்தன்."

முடியாது என்று சொன்னால் இவளுக்கு அந்தத் துணி மூட்டைதான் கடைசிவரைக்கும். முடியும் என்றால் உள்ளே ஐந்து மாத வயிற்றோடு படுத்திருப்பவள் தலையில் அடித்த சத்தியம். அவன் கண்ணுக்கு முன்னால் பச்சைத் துணி வந்தது. "அம்மா, எங்க வீட்டுல..." என்று இழுத்தான்.

உள் அறைக் கதவு திறந்தது. பிரியா நின்றுகொண்டிருந்தாள். தலை கலைந்திருந்தது. தூங்கி எழுந்த முகம் இல்லை, ரொம்ப நேரமாக விழித்திருந்த முகம்.

ராஜாத்தி அவள் வயிற்றைப் பார்த்ததும் பதறி எழுந்தாள். சட்டையைப் பைக்குள் திணித்தாள். "ஐயோ, புள்ளத்தாச்சி இருக்கற ஊட்டுல ஒக்காந்து இந்தப் பேச்சப் பேசிட்டனே! தெரியாது சாமி, மன்னிச்சுக்க. வாடி லாவண்யா, எந்திரி."

"உக்காருங்கக்கா" என்றாள் பிரியா.

"வேணா சாமி. நாங்க கெளம்பறம்."

பிரியா வந்து அவள் கையைப் பிடித்தாள். "உங்களுக்கும் காட்டலயா?" என்று கேட்டாள்.

ராஜாத்திக்கு முதலில் விளங்கவில்லை. அப்புறம் விளங்கியது. பெண்களுக்குச் சில விஷயங்களைப் பாதி சொன்னால் போதும். பிரியாவின் கையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்கும் காட்டல" என்றாள் பிரியா. "பொண்ணு. பச்சத் துணின்னு மட்டும் தெரியும்." பிறகு கௌதமைப் பார்த்தாள். அவன் இது வரைக்கும் பார்த்திராத பார்வை. கோபமும் இருந்தது, கெஞ்சலும் இருந்தது. "அந்தச் சட்டையப் போட்டுக்கோங்க" என்றாள்.

"பிரியா, சத்தியம் பண்ணியிருக்கேன்."

"எங்கிட்டதான பண்ணீங்க? நான்தான சொல்றன்? போட்டுக்கோங்க."

போட்டுக்கொண்டான். கையை நுழைத்துப் பொத்தான் போட்டதும் சட்டை சரியாக இருந்தது. யார் வீட்டு அப்பாவுக்கும் பொருந்துகிற உடம்பு என்று விமல்ராஜ் சும்மா தேர்ந்தெடுக்கவில்லை. வெள்ளைச் சுவரோரம் போய் நின்றான். பிரியா காமிராவை எடுத்தாள்.

ராஜாத்தி எதிரே வந்து நின்று பார்த்தாள். "இல்ல" என்றாள். கிட்டே வந்தாள். வலது தோளின் மேல் உள்ளங்கையை வைத்து மெதுவாக அழுத்தினாள். அவன் இறக்கினான். "இன்னுங் கொஞ்சம்." இறக்கினான். "அவ்வளவுதான், அப்டியே." காலரை இழுத்துவிட்டாள். மேல் பொத்தானைக் கழற்றினாள். "மேல் பொத்தானைப் போடவே மாட்டாரு, எத்தன சொன்னாலும்" என்று யாரிடமோ குறை சொல்வது போலச் சொன்னாள். கையை இடுப்பில் வைக்கச் சொன்னாள். அவள் விரல் பட்ட இடமெல்லாம் கௌதமுக்குச் சில்லிட்டது. தான் இப்போது யார் என்று ஒரு கணம் அவனுக்குத் தெரியவில்லை. கொல்லை வரப்பில், காட்டைப் பார்த்து, யாரையோ எதிர்பார்த்து நிற்கிற மாதிரி இருந்தது.

பிரியா அழுத்தினாள். காமிரா சத்தம் போட்டது.

வெட்டுவதும் ஒட்டுவதும் அவனுக்குக் கண்ணை மூடிக்கொண்டு வரும். அன்று கண்ணைத் திறந்துகொண்டும் வரவில்லை. கழுத்தின் நிறத்தை முகத்தோடு சேர்க்க வெகுநேரம் பிடித்தது. முடித்ததும் எழுந்து நாற்காலியை ராஜாத்திக்குக் கொடுத்தான்.

திரை முழுக்கக் கோவிந்தப்பன் நின்றார். வலது தோள் இறங்கி, மேல் பொத்தான் திறந்து, இடுப்பில் கை வைத்து, முழுசாக.

லாவண்யா வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டாள். ராஜாத்தி அழவில்லை. முந்தானையை எடுத்து, திரையில் அவர் நெற்றியில் வைத்தாள். அப்படியே துடைத்துக்கொண்டு வந்தாள். கழுத்து. வலது தோள். மார்பு. கை. மணிக்கட்டு. ஒரு இடம் விடாமல், அவசரப்படாமல், குளிப்பாட்டித் துவட்டுகிற மாதிரியே துடைத்தாள்.

"போதும் தம்பி" என்றாள் கடைசியில். "இத்த புஸ்தகத்துல போட வேணா."

"அம்மா, தெவசத்துக்கு..."

"ஊரெல்லாம் எதுக்குப் பாக்கணும்? நான் பாத்துட்டன். பின்னாடி அவுரு எழுதுனதுலருந்து நாலு வரி போடுங்க, அந்தக் கன்னடத்துல கும்புட்டாங்களே, அது. இத்த அழிச்சுடுங்க. எம் முன்னாடியே அழிச்சுடுங்க."

அழித்தான். குப்பைத் தொட்டியிலிருந்தும் அழித்தான். அவள் திரை வெறுமையாவதைப் பார்த்துவிட்டுத்தான் எழுந்தாள். சட்டையைக் கழற்றிக் கொடுத்தான். அவள் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். வாசலில் நின்று பிரியாவின் கன்னத்தைத் தொட்டாள். இரண்டு பேரும் தெருவில் இறங்கிப் போனார்கள்.

கௌதம் பனியனோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். வலது தோள் இன்னும் இறங்கித்தான் இருந்தது. தூக்கப் பார்த்தான், வரவில்லை. வெளியே கம்பெனி பஸ்கள் திரும்புகிற சத்தம் கேட்டது.

பிரியா எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் தன் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க பாத்தீங்கல்ல?" என்றாள்.

எதை என்று அவன் கேட்கவில்லை. இத்தனை நாள் இந்தக் கேள்விக்குப் பயந்துதான் அவன் அவளோடு ஒரே வீட்டில் ஓரமாக வாழ்ந்துகொண்டிருந்தான்.

"பாத்தேன்."

"எங்கிட்ட சொல்லவே இல்ல."

"நீ கேக்கல. கேட்டா உனக்கு ஏதாவது ஆயிடுமோன்னு நானும் சொல்லல."

"இப்ப கேக்கறன். எப்பிடி இருந்தா?"

கௌதம் கண்ணை மூடினான். எத்தனையோ செத்த முகங்களுக்கு உடம்பு ஒட்டியவன். இந்த ஒரு முகம் எந்த அட்டையிலும், எந்தக் கோப்பிலும் இல்லை, அவனிடம் மட்டும்தான் இருந்தது. சொன்னால் போய்விடுமோ என்று இவ்வளவு நாள் பயந்து வைத்திருந்தான்.

"முகம் உன் முகம்" என்றான். "நெத்தி, மூக்கு, இந்த மேலுதடு, எல்லாம் நீதான். தூங்குற மாதிரிதான் இருந்தா."

"கீழ?"

அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சமாளித்துக்கொண்டு சொன்னான்.

"தோள் ரெண்டும் என்னுது."

பிரியா எழுந்து வந்து, அவனுடைய இறங்கிய தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். இரண்டு வருஷத்துக்குப் பிறகு அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து, சத்தம் போட்டு அழுதார்கள்.